வலது கைக்கு மாறிய வெள்ளி மோதிரம்

செத்து மூன்று வருஷமான ஒரு பெண், நோன்பு திறக்கும் நேரமாகப் பார்த்து வந்து, புருஷனின் விரலைப் பிடித்த பிடியில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடம் கடல் பக்கமாக ஒரு சாண் சாய்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு வாருங்கள். தூக்குக்குண்டு நானே தருகிறேன், பிடித்துப் பாருங்கள். அன்றைக்கு இதை நம்பாத ஒரே ஆள் அந்தப் பெண்ணின் சொந்த அண்ணன், இரண்டாம் மாடி மருந்துக்கடை ஷவ்கி. டாக்டர் போட்ட கையெழுத்தையே நம்பாதவர், இதையா நம்புவார்?

விரலுக்குச் சொந்தக்காரன் நான்காம் மாடி ருஷ்தி. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். அந்தக் குளிர்காலத்தில் பேட்டரியில் ஓடும் மினி கிரைண்டர் ஒன்று வாங்கினான். கத்திரிக்காய் நீளம்தான், முனையில் கல் மாட்டலாம், வெட்டும் தகடு மாட்டலாம், எழுத்து செதுக்கும் ஊசி மாட்டலாம். முதல் வாரம் சமையலறைக் கத்திகளைத் தீட்டினான். எவ்வளவு கூர் என்றால், வெங்காயம் கத்தியைக் கண்டதும் தானாகப் பிளந்துகொண்டது. ஈரத்தில் உப்பிய குளியலறைக் கதவைச் சீவினான். பித்தளைக் காப்பிப் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில், அதில் முகம் பார்த்துச் சவரம் செய்ய முதல் மாடியிலிருந்து ஆள் வந்தது. பிறகு துருப்பிடித்த பூட்டு, பால்கனி ஓட்டின் ஓரம், பூனையின் நகம்.

"மாப்ள, அந்த வண்டைப் பிடிச்சுக் கட்டிப் போடு. மத்தியானம் தூங்க முடியல" என்பார் ஷவ்கி, படிக்கட்டில் நின்று.

"உங்க நாக்கைக் கொஞ்சம் ராவி விடட்டுமா மச்சான்? காசு வேணாம்."

இப்படி இருந்தவன்தான்.

ரமலான் பாதியில் அவனுக்கு ஒரு வாழ்வு திரும்பியது. இன்ஷிராஹ் என்று ஒரு விதவை, பள்ளிக்கூட ஆசிரியை. அன்று மாலை அவளுடைய தம்பி வீட்டில் நோன்பு திறந்துவிட்டு, பெரியவர்கள் முன்னால் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு. மூன்று வருஷமாகத் தனியாக உட்கார்ந்து பேரீச்சம்பழக் கொட்டையைத் துப்பியவனுக்கு, ஒரு மேஜையில் தனக்கென்று நாற்காலி போடப்போகிறார்கள் என்பதே போதுமானதாக இருந்தது. ஆனால் செத்துப்போன மனைவி தஹானியின் அண்ணன் இரண்டு மாடி கீழே இருக்கிறாரே, அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

நிச்சயத்துக்கு வலது கையில் மோதிரம், நிக்காஹ் முடிந்ததும் அதையே இடது கைக்கு மாற்ற வேண்டும். ஆண்களுக்கு வெள்ளிதான், உள்பக்கம் பெண்ணின் பெயரும் தேதியும். கடைத்தெருவில் புது வெள்ளி மோதிரம் ஒரு கிலோ கறி விலைகூட இராது. ஆனால் மெஷின் வைத்திருக்கிறவன் கடைக்குப் போவானா? பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு, இருபத்தெட்டு வருஷம் இடது கையில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிச் சமையலறை மேஜையில் வைத்தான். தஹானியின் பெயரை ராவி எடுத்தான். நிக்காஹ் தேதியைத் தொடவில்லை. எண்கள் ஆழமாக இருந்தன, வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, உள்ளே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

கல் அந்தப் பெயரின் மேல் போனபோது மட்டும் மெஷினின் சத்தம் மாறியது. கொசுபோல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது சட்டென்று கீழிறங்கி, வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் முனகுவதுபோல், வேலை செய்துகொண்டே தன்பாட்டுக்கு ராகம் இழுப்பதுபோல் ஆயிற்று. பேட்டரி குறைகிறது என்று நினைத்தான். விளக்கு பச்சையாகவே இருந்தது. மேஜையில் உதிர்ந்த வெள்ளித் தூளை ஊதினான். அது பறக்கவில்லை. ஈரமாக இருந்தது. முகர்ந்தான். ஈரத் தலைமுடி உலரும் வாசனை.

ஜன்னலைத் திறந்துவிட்டு, ஊசிமுனை மாட்டி, இன்ஷிராஹ் என்று செதுக்கினான். வலது கை மோதிர விரலில் போட்டுப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போனது, கொஞ்சம் தளர்வாகக்கூட இருந்தது. திருப்தியாகக் கழற்றப் போனான்.

வரவில்லை.

சோப்புப் போட்டான். எண்ணெய் விட்டான். விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் நுனியை நுழைத்துப் பிரித்தான். நூல் அறுந்தது. கீழே தெருவில் அன்றைய கடைசி அவசரம் ஓடிக்கொண்டிருந்தது, ரொட்டி வாங்கியவர்களின் செருப்புச் சத்தம், டிராமின் மணி, குனாஃபா இனிப்புக்காரனின் சூடான நெய் மணம். எல்லாம் ஒவ்வொன்றாக வடிந்து, நோன்பு திறக்கும் மஃரிபு பாங்குக்கு முந்தைய அந்தப் பெரிய அமைதி, நகரமே மேஜை முன்னால் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைதி, படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. விரல் சிவந்து, சிவப்பு கத்திரிக்காய் நிறமாகிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. இன்ஷிராஹ்.

"எங்க இருக்கீங்க? வண்டியில வர்றீங்களா, கப்பல்ல வர்றீங்களா? சூப் ஆறுது."

"இதோ… கிளம்பிட்டேன்."

"குரல் ஏன் இப்படி இருக்கு?"

"நோன்பு. தாகம்" என்று வைத்துவிட்டான்.

வெட்டிவிடுவது என்று முடிவு செய்தான். மோதிரம் போனால் போகட்டும், விரல் வேண்டும், அந்த நாற்காலி வேண்டும். வெட்டும் தகட்டை மாட்டி, இடது கையில் மெஷினைப் பிடித்தான். பழக்கமில்லாத கை. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தகரத் துண்டைச் செருகப் பார்த்தான். இடமில்லை. அப்படியே வைத்தான். தீப்பொறி. வெள்ளி கொதித்தது, குவளைத் தண்ணீரை ஊற்றினான், ஆவி வந்தது, மறுபடி வைத்தான். தகடு பாதி ஆழம் போனதைக் கண்ணால் பார்த்தான். எடுத்துத் துடைத்தான்.

கீறல் இல்லை.

மறுபடி. தகடு இறங்கியது. அது கடந்துபோன இடம் பின்னாலேயே மூடிக்கொண்டது, மாவைக் கத்தியால் கீறினால் மூடிக்கொள்வதுபோல. மறுபடி. சத்தம் தாழ்ந்தது. அதே முனகல். அவனுக்கு அந்த ராகம் தெரியும். சனிக்கிழமை துணி மடிக்கும்போது வருவது. மறுபடி. விளக்கு சிவப்பானது.

"தஹானி, விடு" என்றான். வாய்விட்டுச் சொன்னதே தெரியாமல் சொன்னான். "ஒரு தப்பும் செய்யல. தனியா இருக்க முடியல. அவ்வளவுதான். விடு."

மெஷின் நின்றது.

விரல் கறுத்துவிட்டது. நகத்தைச் சுற்றி உணர்ச்சி இல்லை. பேட்டரியைக் கழற்றினான். சார்ஜரில் போட்டால் ஒரு மணி நேரம் ஆகும். விரலுக்கு ஒரு மணி நேரம் இல்லை. மெஷினை ஏன் கையோடு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. படியிறங்கினான். பாங்கு ஒலித்தது. மூன்றாம் மாடியில் கதவைத் தட்டினான். உள்ளே கரண்டிச் சத்தம், டிவி, சிரிப்பு. யாரும் வரவில்லை. உலகத்தில் எந்தக் கதவும் திறக்காத ஐந்து நிமிஷம் அது. மீதி இருந்தது ஒரே கதவு. அவன் தட்டக் கூடாத கதவு.

ஷவ்கி வாயில் பேரீச்சம்பழத்தோடு திறந்தார். அவர் மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தாள். அவர் மட்டும்தான்.

"என்ன மாப்ள, வண்டு கொட்டிருச்சா?"

ருஷ்தி கையைத் தூக்கிக் காட்டினான். ஷவ்கி கொட்டையைத் துப்பினார். விரலைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். இடது கையில் வெளுத்திருந்த மோதிரத் தடத்தையும் பார்த்தார்.

"இது என் தங்கச்சி போட்ட மோதிரம். வலது கைக்கு எப்ப வந்துச்சு?"

"மச்சான், முதல்ல கழட்டுங்க. அப்புறம் திட்டுங்க."

"யாரு?"

"இன்ஷிராஹ். டீச்சர். இன்னிக்கு நிச்சயம். பெயரை ராவிட்டேன் மச்சான். தஹானி விடமாட்டேங்கறா."

"தஹானியா?" ஷவ்கி அவனை உள்ளே இழுத்து நாற்காலியில் தள்ளினார். "நாள் முழுக்கத் தண்ணி குடிக்கல, கையைக் கசக்கி வீங்க வச்சிருக்க, பழியைச் செத்தவ மேல போடுற. கல்யாணம் பண்ணிக்கோ, யார் வேணாங்கிறா? பொய்க்கு ஏண்டா அவளைக் கூப்பிடுற?"

இழுப்பறையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, மோதிரத்தைக் கவ்வி அழுத்தினார். பிஸ்கட் உடைவதுபோல் இரண்டாக விழுந்தது.

ரத்தம் திரும்பி வந்த வேகத்தில் ருஷ்திக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்பு நீலமாகி, நீலம் சிவப்பானது. ஷவ்கி ஒரு குவளை கமருத்தீன், அந்த ஆப்ரிகாட் பழச் சாற்றை, அவன் வாயில் வைத்தார். "பாத்தியா? ரெண்டு செகண்டு வேலை. இதுக்குப் பேயாம்." துண்டுகளை விளக்கில் பிடித்து உள்பக்கம் பார்த்தார். தேதி இல்லை. இன்ஷிராஹ் இல்லை. எதுவுமே இல்லை. மழமழவென்று இருந்தது.

"மெஷினை நிறுத்து மாப்ள. காது குடையுது."

"நிறுத்தித்தான் இருக்கு."

"அப்ப இது என்ன சத்தம்?"

மெஷின் மேஜையில் கிடந்தது. பேட்டரி இருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது. மெல்லிய கிறீச் சத்தம். நிற்கும். இடம் மாறும். மறுபடி வரும். எழுத்துக்கு எழுத்து கை எடுத்து வைப்பதுபோல.

ஷவ்கி ஃபிரிட்ஜைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகக் குனிந்து, ருஷ்தியின் விரலில் காதை வைத்தார்.

வலி இல்லை. அதுதான் கொடுமை. எலும்பில் ஒரு கூச்சம் மட்டும், சுற்றி வந்துகொண்டே. ருஷ்தியின் போன் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. எடுக்கவில்லை. நகத்தின் இடுக்கிலிருந்து, அரைத்த மாவுபோல் மெல்லிய வெள்ளைத் தூள், மேஜை விரிப்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. ஈரமாக.

ஷவ்கி காதை எடுக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது.

"பொய்யில்ல மாப்ள. அவதான். எலும்புல பேரை எழுதிக்கிட்டிருக்கா."