பட்டாணி கூட்டிச் சொன்ன ஐந்து மணி நேரம்

பொய் சொல்வதில் பட்டாணிக்கு அவ்வளவாகச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு சின்னப் பொய் சொன்னாலும் இரண்டு காதும் சிவந்துவிடும். அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், கையில் இருந்த தடிப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

பட்டாணி என்பது அக்கா வைத்த பெயர். வயது பத்து. உருண்டைக் கன்னம், ஓர் இடத்தில் நிற்காத கால். வேறு பெயரும் உண்டுதான். ஆனால் அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டோடு சரி.

அக்கா அந்த வருடம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் நேரம். பள்ளியில் கொடுத்த கல்லூரிக் கையேடு தலையணை கனம் இருந்தது. எழுத்துகளோ எறும்பு சைஸ். ஆகவே இருவரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பட்டாணி வாசிப்பாள். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டியல் எழுதுவாள்.

பட்டியலில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தின் தலைப்பு, 'எட்டிப் பிடிக்கணும்'. பெரிய பேர் எடுத்த கல்லூரிகள் இதில் வரும். இரண்டாவது, 'கிடைக்கலாம்'. மூன்றாவது, 'கட்டாயம் கிடைக்கும்'. ஒவ்வொன்றிலும் இரண்டு பெயராவது இருந்தால்தான் பட்டியல் உருப்படும் என்று அக்காவின் ஆலோசனை டீச்சர் சொல்லியிருந்தார்.

அக்காவின் முதல் கட்டத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. நான்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய கல்லூரிகள். மற்ற இரண்டு கட்டங்களும் காலி.

"அடுத்தது படிடி," என்றாள் அக்கா.

"நிலவியல் இருக்கு," என்று வாசித்தாள் பட்டாணி. நிலவியல் என்றால் பாறையும் மலையும் பற்றிய படிப்பு. அக்காவுக்கு அதில்தான் உயிர். "தொண்ணூறு மார்க்குக்கு மேல இருந்தா உதவித்தொகை. நாலு வருஷமும் ஃபீஸ் கிடையாது. ஹாஸ்டலும் சும்மா."

அக்காவின் பேனா நின்றது. அவளுடைய மதிப்பெண் தொண்ணூற்று நான்கு.

"எவ்வளவு தூரம்?"

'ரயிலில் ஆறு மணி நேரம்' என்று புத்தகத்தில் தெளிவாகவே போட்டிருந்தது.

"பதினொரு மணி நேரம்," என்றாள் பட்டாணி. காது சுட்டது.

அக்கா பேனா மூடியைக் கடித்தாள். பிறகு, "வேண்டாம். அடுத்தது," என்றாள்.

பட்டாணி இப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. போன மாதம் அக்கா பள்ளிச் சுற்றுலாவுக்கு ஐந்து நாள் போயிருந்தாள். அப்பா லாரி ஓட்டுபவர், வாரத்துக்கு ஒரு நாள்தான் வீடு. அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை, வர ஏழு மணி ஆகும். மூன்றரைக்குப் பள்ளி விட்டு வந்த பட்டாணி அந்த ஐந்து நாளும் தானே பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. குழாய் சொட்டியது. மூன்றாம் நாள் அவள் அந்தக் குழாயிடம், "சரி சரி, கேட்டுட்டுதான் இருக்கேன்," என்று பதில் சொன்னாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. நான்காம் நாள் உள்ளே போகவே பிடிக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து, போகிற வருகிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுற்றுலாவிலிருந்து வந்த அக்கா, "எப்படிடி இருந்தே?" என்று கேட்டபோது, "ஜாலியா," என்றாள். அக்கா அவள் காதைப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். அக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததால் போனை மேடைமேல் வைத்து, சத்தமாக ஒலிக்க விட்டுப் பேசினாள். பட்டாணி கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாதுதான். ஆனால் காதை என்ன கழற்றியா வைக்க முடியும்?

"அந்த நாலு காலேஜ்லயும் உதவித்தொகை கிடையாதும்மா. இடம் கிடைச்சாலும் ஃபீஸ் யாரு கட்டுவா?" என்றார் டீச்சர்.

"ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு அப்புறம் பாக்கறேன் டீச்சர்."

"தொண்ணூத்தி நாலு மார்க்கை வச்சிட்டா? தூரமா இருக்கற காலேஜா பார்த்தா உன்னை வா வான்னு கூப்பிடுவாங்க."

"தூரம் வேண்டாம் டீச்சர். வீட்டுல சின்னவ இருக்கா. நான் போயிட்டா அவ தனியா இருக்கணும். சொல்ல மாட்டா, ஆனா பயப்படுவா."

பட்டாணியின் பென்சில் முனை ஒடிந்தது.

பதினொரு மணி நேரம் என்று சொன்னதால்தான் அக்கா வேண்டாம் என்றாள் என்று அவள் நினைத்திருந்தாள். அது ஆறாக இருந்தாலும், நான்காக இருந்தாலும் அக்கா போயிருக்க மாட்டாள். காரணம் ரயில் இல்லை. காரணம் பட்டாணி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அக்கா இருப்பாள் என்று ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் அதிகமாக வெட்கப்பட்டாள்.

கையேட்டை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். கீழே, எறும்பையும் விடப் பொடி எழுத்தில் ஒரு வரி. 'உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்: வெள்ளி, மாலை ஐந்து மணி.'

இன்னும் இரண்டே நாள். போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னாலும் அக்கா, 'நீ தனியா இருப்பியே' என்பாள். அதற்கு என்ன பதில்?

பட்டாணி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அக்கா செய்தபடியே மூன்று கட்டம் போட்டாள். தலைப்பில், 'மூன்றரை மணியிலிருந்து ஏழு மணி வரை நான் இருக்கக்கூடிய இடங்கள்' என்று எழுதினாள்.

'எட்டிப் பிடிக்கணும்' கட்டத்தில், வகுப்பில் நாய்க்குட்டி வளர்க்கும் குட்டைமுடிக்காரியின் வீடு. 'கிடைக்கலாம்' கட்டத்தில், பள்ளி நூலகம். 'கட்டாயம் கிடைக்கும்' கட்டத்தில், கீழ்த்தளத்துச் சலவைக்கடை.

வியாழக்கிழமை பட்டாணி விண்ணப்பிக்கும் நாள்.

குட்டைமுடிக்காரியிடம் மதிய இடைவேளையில் கேட்டாள். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுக்கு யாரையும் கூட்டிட்டு வரக்கூடாது. அம்மா திட்டுவாங்க," என்றாள். பிறகு தன் கூட்டத்தோடு போய்விட்டாள். அவர்கள் சிரித்தது பட்டாணியைப் பார்த்து இல்லைதான். இருந்தாலும் வலித்தது. முதல் கட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டாள்.

நூலகர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்த வகுப்பு?"

"அஞ்சாவது."

"ஸ்கூல் விட்ட பிறகு ஆறாவதுலேருந்துதான் விடுவோம்."

பட்டாணி திரும்பி நடந்தாள். வாசல்வரை போனபின்தான் பொறி தட்டியது. "சார், அடுத்த வருஷம் நான் ஆறாவதுதான். எனக்கு அடுத்த வருஷத்துக்குத்தான் வேணும்."

"அப்படி முழுசா சொல்லணும். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். அதுவரைக்கும் உக்காரலாம்," என்றார் நூலகர்.

ஐந்து வரை ஆயிற்று. ஐந்திலிருந்து ஏழு வரை சலவைக்கடை. அது கைக்குள் இருக்கிற காரியம் என்று பட்டாணி நினைத்திருந்தாள்.

"முடியாது," என்றாள் சலவைக்கடை அத்தை, துணி மூட்டையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல். "நான் என்ன பள்ளிக்கூடமா நடத்தறேன்?"

பட்டாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க கட்டாயம் கட்டத்துல இருக்கீங்க அத்தை."

"என்னைக் கேட்காம யாரு அந்தக் கட்டத்துல போட்டது?"

பட்டாணிக்குப் போகக் கால் வரவில்லை. மேசையோரம் ஒரு கூடை நிறைய ஒற்றைச் சாக்ஸ்கள் கிடந்தன. சும்மா நிற்பதற்கு ஏதாவது செய்யலாமே என்று அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாம்பல் நிறம் சாம்பலோடு, கோடு போட்டது கோட்டோடு. கால் மணி நேரத்தில் ஒன்பது ஜோடி சேர்ந்தது.

அத்தை இப்போது தலையைத் தூக்கினாள். "அந்த நீலச் சாக்ஸுக்கு மூணு மாசமா ஜோடி கிடைக்கல. எங்க இருந்துச்சு?"

"அது நீலம் இல்ல அத்தை. வெளுத்துப்போன கறுப்பு."

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "உங்கம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். மெஷின் கிட்ட போகக்கூடாது. தொணதொணன்னு பேசக்கூடாது."

"கொஞ்சம் பேசலாமா?"

"கொஞ்சம்."

வியாழன் இரவே சொல்லிவிட நினைத்தாள், தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா பள்ளியிலிருந்து தாமதமாக வந்தபோது மணி நான்கு. பட்டாணி கையேட்டையும் தன் தாளையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறைத்துக்கொள்ள முகத்துக்கு முன்னால் புத்தகம் எதுவும் இல்லை.

"அந்தக் காலேஜ் பதினொரு மணி நேரம் இல்ல. ஆறு மணி நேரம்தான். நான் அஞ்சு கூட்டிச் சொன்னேன்."

அக்கா பையைக் கீழே போட்டாள். "கூட்டிச் சொன்னியா? வேற எதுலடி கூட்டினே?"

"வேற எதுலயும் கூட்டல." பட்டாணி தாளின் ஓரத்தை மடித்தாள். "மூணு காலேஜைப் படிக்கவே இல்ல."

அக்காவுக்கு வந்த கோபத்தில் மூக்கு நுனி வெளுத்தது. "ஏன்?"

"நீ போயிட்டா வீடு ரொம்பப் பெருசா ஆயிடும்."

அக்கா எதிரே இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். கோடு போட்டு அடித்த பெயரைப் பார்த்தாள், நூலகத்தின் அருகில் 'ஐந்து வரை' என்றும், சலவைக்கடையின் அருகில் 'கொஞ்சம் பேசலாம்' என்றும் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"நான் டீச்சர்கிட்ட பேசினதைக் கேட்டியா?"

"நீதான் சத்தமா வச்சிருந்தே."

"பட்டாணி, உண்மையைச் சொல்லு. தனியா இருந்துடுவியா?"

பட்டாணி யோசித்தாள். இப்போது 'ஜாலியா' என்று சொன்னால் காது காட்டிக் கொடுத்துவிடும். "கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இருந்துடுவேன். நீ வேலைக்குப் போயி, பாறையையே பாக்காம இருந்தா, அது அதைவிடக் கஷ்டம்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அப்புறம் அழு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். மணி நாலு இருபது," என்றாள் பட்டாணி.

அதன் பிறகு வீட்டில் பேச்சே இல்லை, தட்டச்சு மட்டும்தான். அக்கா மதிப்பெண் பட்டியலைப் படம் எடுத்தாள். 'ஏன் இந்தப் படிப்பு' என்ற கேள்விக்கு மூச்சு விடாமல் எழுதினாள். பட்டாணி பிழை பார்த்தாள். நான்கு ஐம்பத்து இரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்த வாரக் கடைசியிலேயே, படிக்காமல் விட்ட மூன்று கல்லூரிகளையும் பட்டாணி உரக்கப் படித்தாள். தூரத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். காலியாக இருந்த இரண்டு கட்டங்களும் ஒருவழியாக நிரம்பின.

பதில்கள் வர இரண்டு மாதம் ஆனது. எட்டிப் பிடிக்க நினைத்த நான்கில் மூன்று கையை விரித்துவிட்டன. நான்காவது இடம் கொடுத்தது, கூடவே தலை சுற்றும் கட்டணத்தையும் சொன்னது. ஆறு மணி நேரக் கல்லூரி இடத்தோடு முழு உதவித்தொகையும் கொடுத்தது. அம்மா அந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தார். அப்பா, "மாசத்துல ஒரு லோடு அந்தப் பக்கம் கேட்டு வாங்கிக்கறேன்," என்றார். பட்டாணி கைதட்டினாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் கைதட்டினாள்.

அக்கா போன மறுநாள், இப்போது ஆறாவது படிக்கும் பட்டாணி ஐந்து மணிவரை நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கமும் மனதில் ஏறவில்லை. சலவைக்கடைக்கு வந்தாள். அத்தை எதுவும் கேட்காமல் கூடையை அவள் பக்கம் தள்ளினாள். அறை சூடாக இருந்தது. முதல் ஜோடியைச் சேர்க்கவே அவளுக்கு வெகுநேரம் ஆனது.

ஆறு மணிக்கு அத்தையின் போன் அடித்தது. அக்காதான்.

"எப்படிடி இருக்கே?"

"நல்லா இல்ல," என்றாள் பட்டாணி. "நீ?"

"நானும் நல்லா இல்ல. இங்க ரூம்ல ஒருத்தியும் வாயே திறக்க மாட்டேங்கறா."

அங்கே ஒரு கதவு மூடும் சத்தம் பட்டாணிக்குக் கேட்டது. இங்கே மெஷின் சுற்றும் சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்கும். அக்காவும் அழாமல் இருக்கப் பார்க்கிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

அப்போது வாசலில் ஒருவர் மூட்டையோடு வந்து நின்றார். அத்தை உள்ளே துணி அலசிக்கொண்டிருந்தாள். "பட்டாணி, யாரு வந்திருக்காங்கன்னு பாரு," என்று குரல் கொடுத்தாள்.

"அக்கா, ஆள் வந்திருக்காங்க. வேலை இருக்கு. நீயும் போயி அந்த ரூம் பொண்ணுகிட்ட பேரு கேளு. நாளைக்குப் பேசலாம்," என்றாள் பட்டாணி.

முதலில் போனை வைத்தது அவள்தான்.