விருந்தாளியின் முடி

மரம் வெட்டும் முகாமிலிருந்து ஜாலோங் வீடு வந்து சேர்ந்தபோது உடம்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். படகில் வழி நெடுக மழை. பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டின் ஏணியில் ஏறும்போதே, இன்றைக்கு யாரும் தன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

மனைவி ஊசுன் கேட்டாள்.

“புலான் அப்பா, நாளைக்கு அறுவடை ஆட்டம். உன் மண்டாவ் பல்லிளிக்குது. பிடியில முடியை மாத்திக் கட்டிடு.”

“காலையில கட்டினா ஆகாதா?”

“காலையில உன்னை எழுப்ப ஊரே கூடணும். இப்பவே கட்டு.”

மண்டாவ் என்னும் அந்தப் பரம்பரை வாள் சுவரில் தொங்கியது. பிரம்பு இடைவாரில் சங்கு வில்லையும் சிறுத்தைப் பற்களும் பாசிமணிகளும் அப்படியே இருந்தன. மான்கொம்புப் பிடியில்தான் கேடு. அதில் செதுக்கிய முகங்களின் திறந்த வாய்களில் செருகியிருந்த முடி பூச்சியரித்துப் போயிருந்தது. கொள்ளுப்பாட்டன் வெட்டிக் கொண்டுவந்த தலையின் முடி அது. தலை எப்போதோ மண்ணாகிவிட்டது. முடிக்கு உரியவன் மட்டும் போகவில்லை. அவனை வீட்டில் விருந்தாளி என்பார்கள். பிடியில் கை வைக்குமுன் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிச் சோறும் வைத்து, எடுக்கலாமா என்று அவனைக் கேட்க வேண்டும்.

முட்டை எடுக்கக் கீழே கோழிக்கூடு வரை இறங்க வேண்டும். ஒரே சேறு. ஜாலோங்குக்குக் கால் எழவில்லை. பழைய முடியை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு, ஆட்டுமுடியைச் செருகி மெழுகு வைத்துக் கட்டினான்.

“முட்டை வச்சியா?” உள்ளேயிருந்து ஊசுன் கேட்டாள்.

“வச்சேன், வச்சேன்.”

முடி கருகிய நாற்றம் அறையை நிறைத்தது. அடுப்பு அணைந்த பிறகும் அது போகவில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கவும் அவனுக்குத் தெம்பில்லை. ஐந்து வயது மகள் புலான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாய்ந்து, அவளுடைய நீளமான கூந்தலில் கை வைத்தபடியே கண்ணயர்ந்தான்.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

விழித்தான். மழை விட்டிருந்தது. கூரை இடுக்கில் மாலை வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஊசுன் ஆற்றுக்குப் போயிருந்தாள். ஆட்டுமுடி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது.

பிடியில் வேறு முடி தொங்கியது.

கறுப்பு. நீளம். நுனியில், ஊசுன் காலையில் மகளுக்குப் பின்னிவிட்ட சிவப்புப் பாசி.

ஜாலோங்கின் கை பாயைத் துழாவியது. வழவழவென்று ஒரு மொட்டைத் தலை தட்டுப்பட்டது. பதறிப்போய்க் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது. குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான். எல்லாம் தன் சோம்பலால் வந்த வினை.

அப்போதுதான் பார்த்தான். அவள் தலைமாட்டில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிச் சோறும் இருந்தன.

சோற்றில் இன்னும் ஆவி பறந்தது.

“யாரும்மா வந்தது?” என்று கிசுகிசுத்தான்.

புலான் கொட்டாவி விட்டாள்.

“ஒரு மாமா. சோறு வச்சு, என் தலையை எடுத்துக்கவான்னு கேட்டாரு. சரின்னேன்.”

அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.

“இன்னைக்கு முடி போதுமாம்.”