மூன்று குருவித் தோரணம்

“நல்ல காரியத்துக்குக் கட்டுற தோரணத்துல நாலு குருவி. சாவுக்கு மட்டும் ஏம்ப்பா மூணு? அந்த ஒரு குருவி எங்கிட்டுப் போச்சு?”

அடைக்கலமேரி ஐந்து வயதில் கேட்டது. குருத்தோலையைக் குருவியாய் மடித்துக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் சிரித்தான். “பறந்து போச்சு, தாயி.”

இப்போது அவளுக்கு ஏழு. மழை பொய்த்த ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கோடை. ஊருணிச் சேற்றுத் தண்ணீரைக் குடித்து மூன்று நாளாய் வயிற்றுப்போக்கு. உதடு வெடித்துக் கிடந்தாள்.

நல்ல தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. குளத்தூர்ச் சாலையோரம் புதிதாய் வெட்டிய கிணறு. எட்டிப் பார்த்தால் அடியில் மினுங்கும். ஆனால் எத்தனை முறை குடத்தை இறக்கினாலும் அது நனையாமல் மேலே வந்தது.

“சோடிக்காம எறச்சா கெணறு குடுக்குமா?” என்றார் ஊர்ப் பெரியவர் ரெங்கசாமி. “ஒங்க மாதா கோயில் தேரு கணக்கா இருக்கணும் சூசை.”

“தேரு சோடிச்சா குடிக்கத் தண்ணியாச்சும் தருவாங்கய்யா.”

“நக்கலுக்கு மட்டும் கொறச்சலில்ல!”

விடிந்ததிலிருந்து வேலை. செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துச் சுவரில் பட்டை தீட்டினான். ஆவாரம்பூவைக் கொத்தாய்ச் செருகினான். கப்பிக் கட்டையைச் சுற்றி மாவிலை. அதன் கீழே நாலு நாலு குருவி வைத்த தோரணங்கள்.

ரெங்கசாமி சூடம் காட்டிக் குடத்தை இறக்கினார்.

நனையவில்லை.

சூசைமாணிக்கம் தோரணங்களைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் மூன்று குருவிகள்தான் இருந்தன. ஓலையில் அறுத்த தடமில்லை.

புதிதாய் ஒன்று மடித்துக் கட்டினான். குனிந்து நிமிர்ந்தான்.

மூன்று.

கிணற்றுக்குள்ளிருந்து ஈரமண் வாசனை ஏறி வந்தது. அதோடு மென்ற புகையிலையின் வாசனை. செவந்தியிடம் வீசும் வாசனை.

கீரமங்கலம் பக்கமிருந்து மண் சுமக்க வந்தவள் அவள். உறவென்று யாருமில்லை. வேலைக்கு நடுவே தன் கலயத்துக் கஞ்சியில் பாதியை அடைக்கலமேரிக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பாள். போன மாதம் கிணற்றுமண் சரிந்து அவளை மூடியது. சாயங்காலத்துக்குள் கரட்டோரம் புதைத்தார்கள். சாவுத் தோரணம் கட்ட ஓலை எடுத்த சூசைமாணிக்கத்தை ரெங்கசாமி தடுத்தார். “புதுக் கெணறு. தீட்டு ஒட்டிக்கும். அவளுக்கு அழக்கூட ஆளில்ல, விடு.”

அவனும் விட்டுவிட்டான்.

“ஐயா,” என்று இப்போது கிசுகிசுத்தான். “செவந்தி தோரணங் கேக்குது.”

“பேரச் சொல்லாதடா!” ரெங்கசாமியின் கையிலிருந்து கயிறு நழுவியது. வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் கலைந்தது.

மனைவி சந்தனமேரி ஓடி வந்தாள். “புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்க!”

“நீ போய்ப் பக்கத்துல இரு. நா வாரேன்.”

உச்சிவெயில். காக்கைகூட இல்லை. ஆவாரம்பூவையெல்லாம் பிடுங்கி எறிந்தான். மூன்று குருவிகள் மடித்து, சாவுக்குக் கட்டுவதுபோல் தலைகீழாய்க் கட்டினான். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டான்.

“பயந்துட்டேன், ஆத்தா. மன்னிச்சுரு.”

குடத்தை இறக்கினான். கயிறு கனத்தது. இழுத்தபோது கனமே தெரியவில்லை. கீழே நின்று யாரோ தலைக்கு மேல் ஏந்திக் கொடுப்பதுபோல் குடம் தளும்பத் தளும்ப ஏறி வந்தது.

அவன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஓடினான்.

சந்தனமேரி துணியில் நனைத்து நனைத்துப் பிழிந்தாள். வெகுநேரம் கழித்துப் பிள்ளையின் தொண்டை அசைந்தது. கண் திறந்து, “இன்னும்,” என்றாள்.

சேதி பரவி, ஊரே குடங்களோடு கிணற்றடிக்கு ஓடியது. சூசைமாணிக்கம் மட்டும், மனைவியிடமும் சொல்லாமல், ஒரு கலயம் தண்ணீரோடு கரட்டோரம் நடந்தான். கல்கூட நடாத மண்மேடு வெடித்துக் கிடந்தது. மெல்லச் சாய்த்தான்.

பாதி ஊற்றியதும் கை நின்றது.

மண்ணுக்குள் யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம்.

சத்தம் நின்றது. காத்திருந்தது.

அவன் மண்டியிட்டு மீதியையும் ஊற்றினான்.