கரிசல் ரோட்டில் ஒரு கலப்பை

மழை விட்டு அரை மணி கூட ஆகவில்லை. அதற்குள் ஜெம்மா தன் சின்ன வெள்ளைக் காரைக் கரிசல் ரோட்டில் இறக்கிவிட்டாள்.

மர்ராபென் ஊரில் பிறந்த நாய்கூட அப்படிச் செய்யாது. ஈரக் கரிசலில் சக்கரம் வைத்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஜெம்மா மெல்போர்ன்காரி. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கார் முதலில் வழுக்கியது. பிறகு குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் போனது. பிறகு வயிறு வரை புதைந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தாள். வந்த வழி நெடுக இரண்டு ஆழமான சால்கள்...

யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு மஞ்சள் கிரேடர் வண்டி நின்றிருந்தது. ரோட்டைச் சீவிச் சமமாக்குகிற வண்டி. அதிலிருந்து ஒருத்தன் இறங்கினான். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல் நடந்து வந்தான். குனிந்து அந்தச் சால்களைப் பார்த்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மழை கழுவிவிட்ட வானத்தின் நிறத்தில் கண்கள். வாய் திறப்பதற்கு முன்னாலேயே அந்தக் கண்கள் சிரித்தன.

"என்ன விதைக்கப் போறீங்க?"

"என்னது?"

"இல்ல... இவ்வளவு ஆழமா உழுதிருக்கீங்களே. கோதுமையா, பருத்தியான்னு கேட்டேன். மூணு நாளா நான்தான் இந்த ரோட்ட இழைச்சேன். என்னாலயே இவ்வளவு நேரா சால் ஓட்ட முடியாது!"

ஜெம்மாவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உதட்டு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவளுக்குள்ளே உட்கார்ந்திருந்த கல்லூரி விழித்துக்கொண்டது.

நாலு வருஷம் படித்தவள். உலகத்தில் இரண்டே ஜாதி, அடிக்கிறவன், அடிபடுகிறவன் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருத்தன் உன்னைச் சிரிக்க வைத்தால் சிரிக்காதே, அவன் எங்கே நிற்கிறான், உன்னை எங்கே நிறுத்துகிறான் என்று பார் என்றார்கள். இதற்கும் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தார்கள்.

ஜெம்மாவின் அப்பா டிராம் ஓட்டினார். அம்மா முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே வளர்ந்த பெண். வகுப்பில் முதல் நாள் ஆளாளுக்குத் தன் காயத்தைச் சொன்னபோது அவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஊருக்கே விருந்து, தனக்கு மட்டும் தட்டு இல்லை என்பது போல இருந்தது. ராத்திரியெல்லாம் தேடினாள். எட்டாம் வகுப்பில் நீச்சல் வாத்தியார் 'காலை அசை, கட்டை மாதிரி மிதக்காதே' என்று கத்தியது அகப்பட்டது. மறுநாள் அதைச் சொல்லி அழுதாள். வகுப்பே கை தட்டியது. கைதட்டல் கிடைத்தபின் யாருக்குத்தான் இன்னொரு காயம் தேடத் தோன்றாது? நிஜமாக அடிபட்டவர்களும் அந்த வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் அதிகம் பேசவில்லை.

"ஒரு பொண்ணு தனியா மாட்டிக்கிட்டு நிக்கிறா. உங்களுக்குக் கிண்டலா இருக்கா?" என்றாள் ஜெம்மா.

அவன் கண்ணில் இருந்த சிரிப்பு தடுமாறியது. "இல்லீங்க... சும்மா சொன்னேன். என் பேரு ஹேமிஷ். இருங்க, சங்கிலி எடுத்துட்டு வரேன்."

காரை இழுத்து மேட்டில் விட்டான். நன்றி சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு. போகும்போது கண்ணாடியில் பார்த்தாள். வெறுங்காலோடு, சேற்றில் நின்று, அவன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஏனோ நெஞ்சு ஒரு தடவை வழுக்கியது... காரைப் போலவே.

மறுநாள் சாயங்காலம் பெரில் அம்மாவின் மதுக்கடைக்குச் சாப்பிடப் போனாள். ஊரில் வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது. கதவைத் திறந்ததுமே மொட்டைத்தலை ஆள் ஒருவர் கிளாஸைத் தூக்கினார்.

"வாம்மா கலப்பை! விதைப்பு முடிஞ்சுதா?"

கடையே சிரித்தது. மூலையில் ஹேமிஷ் காது சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன கூப்பிட்டார் என்னை?" ஜெம்மா பெரிலிடம் கேட்டாள்.

"பட்டப்பேருடீ! வந்து ஒரு வாரத்துல பேரு. எனக்கெல்லாம் ஒரு வருஷம் ஆச்சு. அந்த மொட்டைக்குப் பேரு சுருட்டை. வாசல்ல இடிச்சுக்கிட்டு வரானே நெட்டையன், அவன் குள்ளன். ஹேமிஷ் இஸ்திரிப்பெட்டி. ரோட்டுக்கு இஸ்திரி போடறான்ல!"

ஜெம்மா இறைச்சிப் பணியாரத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆனாலும்... தினமும் காலையில் அந்த மஞ்சள் வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டும். ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி ஹேமிஷ் வணக்கம் வைப்பான். அந்த நேரத்துக்குச் சரியாக ஜெம்மாவுக்கு ஜன்னலோரம் ஏதாவது வேலை இருக்கும். இந்த வேலையைப் பற்றிக் கல்லூரியில் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஊர் மன்றத்தில் கூட்டம். வெள்ள மீட்புக் குழுவுக்குப் புதுத் தலைவர் வேண்டும். சுருட்டைக்கு இடுப்பு வலி, படகில் ஏற முடியவில்லை. ஹேமிஷ் பெயர் மட்டும்தான் இருந்தது. போன வெள்ளத்தில் படகோடு கூரை கூரையாகப் போனவன் அவன். அந்தப் பொறுப்பு அவனுக்கு வேண்டும் என்று வெளியே சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

"யாருக்காவது ஆட்சேபணை?" என்றார் சுருட்டை, டீயை ஊற்றிக்கொண்டே.

ஜெம்மா எழுந்தாள்.

"எனக்கு இருக்கு. பாத்த முதல் நாளே இவர் என்னைக் கேவலப்படுத்தினார். அப்புறம் ஊரையே சேத்துக்கிட்டு எனக்குப் பேர் வச்சார். ஆபத்துல இருக்கற ஒரு பொண்ணு இவரை நம்பி எப்படிக் கூப்பிடுவா?"

டீ ஊற்றும் சத்தம் நின்றது. ஹேமிஷ் மெதுவாக எழுந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மிஸ் பாஸ்கோ, உங்க மனசு நோகட்டும்னு நான் சொல்லல. நொந்துச்சுன்னா மன்னிச்சிருங்க." சுருட்டையின் பக்கம் திரும்பினான். "என் பேர எடுத்துருங்க."

போய்விட்டான். ஜெம்மா ஜெயித்துவிட்டாள். கல்லூரியில் என்றால் கை தட்டியிருப்பார்கள். இங்கே ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட வரவில்லை.

மறுநாளிலிருந்து ஊர் மரியாதையாகிவிட்டது.

"குட் மார்னிங் மிஸ் பாஸ்கோ." "உள்ள வாங்க மிஸ் பாஸ்கோ." பெரில் அவள் மேஜைக்கு மட்டும் துணி விரித்தாள். அவள் நுழைந்ததும் கடை அமைதியாகும். வெளியே வந்ததும் சிரிப்பு கிளம்பும். அவளைப் பற்றிய சிரிப்பு இல்லை அது. அது தெரிந்ததுதான் அதிகம் வலித்தது. அந்த ஊரில் பிடித்தவர்களைத்தான் வம்புக்கு இழுப்பார்கள். வங்கிக்காரனுக்கும் போலீஸ்காரனுக்கும்தான் மரியாதை.

மஞ்சள் வண்டி தினமும் போனது. விரல் எழவில்லை. தொப்பியை முறையாகத் தொட்டுவிட்டு ஹேமிஷ் நேரே பார்த்துக்கொண்டு போனான். அந்த வானக் கண்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை...

திங்கட்கிழமைதோறும் ஜெம்மா பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பாள். இந்த வாரம் உங்களை யார் காயப்படுத்தினார்கள் என்று கேட்பாள். கல்லூரியில் கற்ற முறை அது. முதலில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பிறகு நன்றாகவே புரிந்துகொண்டார்கள். அண்ணன் முறைத்தது, பாட்டி சின்னத் துண்டு கேக் கொடுத்தது என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். ஜெம்மா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

மேபலுக்கு எட்டு வயது. இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மரம் ஏறுவாள், வேலி தாண்டுவாள்.

"மேபல், நீ?"

மேபல் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். முகம் வாடியது.

"எனக்கு ஒண்ணும் அகப்படல மிஸ்... அடுத்த வாரத்துக்குள்ள எப்படியாச்சும் கண்டுபுடிச்சிட்டு வந்துடறேன்."

ஜெம்மாவுக்கு எங்கேயோ சுருக்கென்றது. விட்டுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மேபல்தான் முதலில் கை தூக்கினாள். முகமெல்லாம் பெருமை.

"கண்டுபுடிச்சிட்டேன் மிஸ்! ஜூன் தினமும் ஸ்கூல் கேட் பக்கத்துல எனக்காக நிப்பா. ஏன்னா அவ என்னை நொண்டின்னு நெனைக்கிறா. அது என்னைக் காயப்படுத்துது."

ஜூன் என்ற சின்னப் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு பிதுங்கியது.

அன்று சாயங்காலம் கேட்டருகே யாரும் நிற்கவில்லை. ஜூன் தனியாக முன்னால் போனாள். ரொம்பப் பின்னால் மேபல் தனியாக நடந்தாள். அன்றைக்குத்தான் அவள் நடை நொண்டலாகத் தெரிந்தது.

ஜெம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராத்திரியெல்லாம் காயம் தேடிய இன்னொரு பெண்ணை அவளுக்குத் தெரியும். பாவம், அந்த நீச்சல் வாத்தியார்... முழுகிப் போகாமல் இருக்கத்தானே கத்தினார்? அதே கோடையில்தான் அவள் பதக்கம் வாங்கினாள். வகுப்பில் அதை அவள் சொல்லவே இல்லை. சேற்றில் இறங்கி வந்து காரை இழுத்துவிட்டவனைப் பற்றி மன்றத்தில் பேசினாளே... சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாளா?

மறுநாள் காலையில் பிள்ளைகளை மறுபடி வட்டமாக உட்கார வைத்தாள்.

"நான் கேட்ட கேள்வி தப்பு. இனிமே அதைக் கேக்க மாட்டேன். யாராவது நிஜமா அடிச்சா, பயமுறுத்தினா, உடனே என்கிட்ட வரணும். ஆனா இல்லாததைத் தேட வேண்டாம்."

மேபல் கை தூக்கினாள். "அப்ப ஜூன் என்னை நொண்டின்னு நெனைக்கலியா மிஸ்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவளையே கேளு."

"தனியா நடந்தா போர் அடிக்கும்டி, லூசு!" என்றாள் ஜூன்.

மேபல் சிரித்த சிரிப்பில் ஜெம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி கூட்டம். சுருட்டைக்கு மாற்றாக இன்னும் யாரும் அகப்படவில்லை. மத்தியானமே மழை பிடித்துவிட்டது. ஜெம்மா காரைக் கல் ரோட்டிலேயே நிறுத்தினாள். இந்த முறை இறங்கி நடந்தாள். ஆனால் பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கரிசல் அப்பியது. அப்பியதன் மேல் அப்பியது. மன்றத்துக் கதவைத் திறந்தபோது காலுக்கொரு பானை கட்டியது போல, ஒரு முழம் உயர்ந்து, தடுமாறிக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"உக்காருங்க மிஸ் பாஸ்கோ," என்று குள்ளன் நாற்காலியை நகர்த்தினான்.

அந்த மரியாதைதான் அவளை உட்கார விடவில்லை.

"நின்னே சொல்லிடறேன். போன தடவை ஹேமிஷ் பத்திப் பாதிதான் சொன்னேன். என் கார் புதைஞ்சிருந்துச்சு. அவர் ஒரு ஜோக் அடிச்சார். நல்ல ஜோக். எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நான்தான் முழுங்கிட்டேன். அப்புறம் அவர் சேத்துல படுத்து, சங்கிலி மாட்டி, என்னை வெளிய இழுத்து விட்டார். அதை நான் சொல்லவே இல்ல. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யல. நான்தான் அவருக்குச் செஞ்சேன். வெள்ளம் வந்தா... நான் கூப்பிடற முதல் ஆள் அவர்தான்."

சுவரோரம் நின்ற ஹேமிஷ் தரையைப் பார்த்தான்.

"நன்றி மிஸ் பாஸ்கோ," என்றான்.

அவ்வளவுதான். அந்த 'மிஸ் பாஸ்கோ' அவள் நெஞ்சில் கதவைச் சாத்தியது. பின்னால் கைகள் உயர்ந்தன, சுருட்டை ஏதோ சொன்னார், கைதட்டல் கேட்டது. அவள் அதற்குள் வெளித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நல்லதுதான், அழுதால் கேட்காது.

கதவு திறந்தது. ஹேமிஷ்.

இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானும் யோக்கியன் இல்ல," என்றான் அவன். "அன்னிக்கே வந்து கேட்டிருக்கணும், ஏங்க இப்படிச் சொன்னீங்கன்னு. முறைச்சுக்கிட்டுத் தொப்பியத் தொட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். ரோஷம்."

"நான் பண்ணதுக்கு அது கம்மி."

"ஒண்ணு கேக்கலாமா? உள்ள வந்ததுலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்... முடியல."

"கேளுங்க."

அவன் அவள் கால்களைப் பார்த்தான். பிறகு அவளை. வானம் திரும்பிவிட்டது. சிரிப்பு வாய்க்கு முன்னால் கண்ணுக்கு வந்தது.

"ரோட்ட உழுதது பத்தாதுன்னு... இப்ப நிலத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

இந்த முறை சிரிப்பு உதட்டு நுனியில் நிற்கவில்லை. ஜெம்மா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தடுமாறினாள். அவன் கை நீட்டிப் பிடித்துக்கொண்டான். விடவில்லை.

"இந்த ஒரு மாசமா யாருமே என்னைக் கிண்டல் பண்ணல தெரியுமா?" என்றாள். "தினமும் அந்த வண்டி போகும்போது... விரலத் தூக்க மாட்டாரான்னு பாத்துக்கிட்டே நிப்பேன்."

"நான் விரல ஸ்டீயரிங்ல கட்டிப்போட்டுல்ல ஓட்டினேன்." அவன் குரல் மழைக்குள் தாழ்ந்தது. "உங்க கார் புதைஞ்ச அன்னிக்கே என் மனசும் அங்க எறங்கிடுச்சுங்க. அத இழுக்கத்தான் சங்கிலி இல்ல."

"இழுக்க வேணாம்... அங்கேயே இருக்கட்டும். எனக்கும் அங்கதான் இருக்கு."

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் பூட்ஸ் வாரை மெதுவாக அவிழ்த்தான். ஒன்று... இன்னொன்று... கரிசல் பானைகள் தாழ்வாரத்திலேயே நின்றன. அவன் எழுந்தபோது அவள் அவன் முகவாய் உயரத்துக்கு இறங்கியிருந்தாள். அந்த உயரம் போதுமானதாக இருந்தது.

உள்ளேயிருந்து சுருட்டையின் குரல் கத்தியது:

"டேய் இஸ்திரிப்பெட்டி! தலைவராகி அஞ்சு நிமிஷம் ஆவல, அதுக்குள்ள ஆளக் காணோம். அந்தக் கலப்பைக்கு டீ ஆறுதுன்னு சொல்லு!"

ஹேமிஷ் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தான்.

ஜெம்மா வெறுங்காலோடு கதவைத் தள்ளினாள்.

"கலப்பைக்கு ரெண்டு சர்க்கரை!" என்றாள்.