காடையின் தையல்

மிச்சம் என்ற ஊரின் ட்ராம் தரிப்பிடத்துக்குப் பின்னாலுள்ள பழைய செங்கல் வீட்டில் கொட்வின் செத்த பறவைகளை உயிருள்ளவைபோல் பாடம் செய்துவந்தார். உள்ளான், கவுதாரி என்று வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் சின்னப் பறவைகளில் அவருடைய கை பேசும்.

அன்று பிற்பகல் அவர் மேசையில் கொண்டுவந்து வைத்த காடை மட்டும் யாரும் சுட்டதல்ல. மனைவி றோஸ்மலர் சமையலறையில் வளர்த்தது. அவள் நுரையீரல் நோயில் இறந்து மூன்று கிழமையில் அதுவும் செத்துக் கிடந்தது.

இதையாவது விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

காடைத் தோல் நனைந்த வெங்காயச் சருகு மாதிரி. விரல் சற்று அழுத்தினாலே கிழியும். நெஞ்சைக் கீறித் தசையை அகற்றினார். மரச்சீவலைச் சுற்றிச் செய்த பொய்யுடலை உள்ளே வைத்தார். கால்களில் கம்பி ஏற்றி, கண்ணாடிக் கண் பதித்து, கடைசித் தையலை முடிச்சுப் போட்டபோது யன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. எங்கிருந்தோ ஆசுப்பத்திரி மணம் வந்தது.

பிறகு காடைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய மூச்சிழுப்பு.

நின்றது. மறுபடியும் இழுத்தது.

"இஞ்சேருங்கோ... மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. திறந்து விடுங்கோ."

றோஸ்மலரின் குரல். கடைசி நாளிலும் முகத்து ஒட்சிசன் மாஸ்கைக் கழற்றச் சொல்லி இப்படித்தான் கெஞ்சினாள். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு மணித்தியாலம் என்று அவர் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திறந்தால் போய்விடுவாள்.

கொட்வின் ஊசியை எடுத்தார். தையலின்மேல் இன்னொரு தையல் போட்டார், இன்னும் நெருக்கமாக.

"கொஞ்சம் பொறும், றோஸ். என்னைத் தனிய விட்டிட்டுப் போகாதையும்."

மறுநாள் மத்தியானம் றோஸ்மலரின் தங்கை மேரிசாந்தி சோறு கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அத்தான், ஆர் உள்ளுக்கை இழுத்திழுத்து மூச்சு வாங்கிறது?"

"ஒருத்தருமில்லை."

அவள் மேசையைப் பார்த்தாள். காடையின் நெஞ்சு இறகுகள் எழுந்து தாழ்ந்தன.

"அது அக்கா," என்றாள் மெதுவாக. "அவவுக்கு இன்னும் எவ்வளவு நோவு குடுக்கப்போறியள்?"

கொட்வின் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தார். ஒரு நீண்ட பெருமூச்சு அறையைக் கடந்தது. தோல் அவர் விரல்களுக்குள்ளேயே நார் நாராகக் கிழிந்தது. இறகுகளில் முகம் புதைத்து அழுதார். மேரிசாந்தி சிலுவை அடையாளம் போட்டாள்.

அமைதி.

மேரிசாந்தி போன பின் தொலைபேசி அடித்தது. பக்கத்து ஊர் சட்டனிலிருந்து டெனுசன், போன வருசம் ஒரு உள்ளானைப் பாடம் செய்வித்து எடுத்துப்போனவன்.

"அங்கிள், அந்த உள்ளான் இருக்கிற கண்ணாடிப் பெட்டியில பனிமூட்டம் மாதிரிப் புகார் படியுது. துடைச்சாலும் போகேல்லை. உள்பக்கம்."

"குளிருக்கு இருக்கும் தம்பி."

"இல்லை அங்கிள். படியுது, பிறகு விலகுது. திரும்பப் படியுது."

அதையும் தைத்து மூடியது தன் கைதான் என்று தெரிந்த கொட்வின் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?"

டெனுசன் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான் போலும்.

"ஆரோ மூச்சு விடுற மாதிரி, அங்கிள்."