மார்ச் நான்காம் தேதி

துரைக்கண்ணு ஐந்தரைக்கு எழுந்தார். கிணற்றில் நான்கு வாளி இறைத்தார். அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினார். ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டார். சோறு வெந்ததும் பாதியை மோர் ஊற்றிச் சாப்பிட்டார். மீதியைத் தூக்குச்சட்டியில் அடைத்தார். சட்டையில் ஒரு பித்தான் இல்லை. ஊசி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. குண்டூசி குத்திக்கொண்டார். ஐந்து மாதமாக இதே வரிசைதான்.

அவர் திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஊரில் ஏதாவது காணாமல் போனால், யார் எடுத்தது என்று தெரியாவிட்டால், போலீசுக்குப் போகுமுன் அவரிடம் வருவார்கள். ஜூலையில் மனைவி அம்சா இறந்த பிறகு யாரும் வரவில்லை. 1962 டிசம்பரில் அந்தச் சனிக்கிழமைதான் மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

பள்ளிக் குமாஸ்தா பாண்டுரங்கன் முன்னால் நின்றார். நாற்பது வயது, துப்பறிவதென்றால் உயிர். பின்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கூலிக்காரர்.

"சார், இவரு பச்சைமுத்து, கூட்டேரிப்பட்டு. கேஸ் ஒண்ணு கொண்டாந்திருக்காரு."

"கேஸெல்லாம் இல்லீங்க," என்றார் பச்சைமுத்து. "எம்பொண்ணு தையல்நாயகி விழுப்புரத்துல வாத்தியார் ட்ரெய்னிங் படிச்சிக்கினு இருக்குது. பரிட்சையில பாத்து எழுதிடுச்சாம். திங்கக்கிழம பேர எடுத்துடுவாங்களாம். எங்க தெருவுல வாத்தியாரா வரப்போற மொத ஆளுங்க அது."

அந்தப் பயிற்சிப் பள்ளியில்தான் அம்சா பாடம் நடத்தினாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

"பொண்ணு என்ன சொல்றா?"

"பாவம், அது பயந்துபோயி..."

"உங்களுக்குத் தோணினது அப்புறம். அவ வாயால சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

பச்சைமுத்து கண்ணை மூடி நினைவுபடுத்திக்கொண்டார். "'நான் யாரையும் பாக்கலப்பா. நோட்டுல இருந்தத எழுதினேன். நோட்டு காணாமப் போயிடுச்சு. யாரு நோட்டுன்னு மட்டும் கேக்காத.' அவ்ளோதாங்க."

துரைக்கண்ணு குடையை எடுத்துக்கொண்டார்.

விழுப்புரம் பஸ்ஸில் பாண்டுரங்கன் பக்கத்தில் உட்கார்ந்தார். "கேள்வி அமெரிக்க சர்க்கார் பத்தியாம் சார். அது இன்னா, அவ்ளோ பெரிய சமாச்சாரமா?"

"பதிமூணு குடியேற்றங்கள். இங்கிலாந்து ராஜாவோட சண்டை போட்டு ஜெயிச்சாங்க. 1787ல ஃபிலடெல்ஃபியாவுல கூடி அரசியல் சட்டம் எழுதினாங்க. எல்லாத்தையும் ஒருத்தன் கையில கொடுத்தா அவனும் ராஜா ஆயிடுவான்னு பயம். அதனால மூணாப் பிரிச்சாங்க. சட்டம் போடறது காங்கிரஸ், நடத்தறது பிரசிடென்ட், சட்டத்துக்குப் பொருள் சொல்றது கோர்ட்."

"எங்க வீட்டுல மூணும் எங்க ஊட்டுக்காரிதான் சார்." சிரித்த பாண்டுரங்கன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். டீச்சரம்மா கடைசியா 'கவலப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தானே போனாங்க. அத நெனச்சி மனசத் தேத்திக்குங்க."

துரைக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டேரிப்பட்டு வந்தது, போயிற்று.

தலைமையாசிரியை வீரம்மாள் கண்டிப்பானவர், கெட்டவர் அல்லர். இரண்டு விடைத்தாள்களையும் மேசைமேல் விரித்தார். ஒன்று தையல்நாயகியுடையது. மற்றது வானூர்ப் பண்ணைக்காரர் மகள் ராஜாமணியுடையது.

"படிச்சுப் பாருங்க. வரிக்கு வரி ஒண்ணு."

துரைக்கண்ணு படித்தார். 'அரசாங்கம் ஊரார் மல்லாட்டை மூட்டைகளை வைக்கும் பொதுக் கிடங்கு போன்றது. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். ஒரு சாவியால் கதவு திறவாது. பதிமூன்றில் ஒன்பது மாகாணங்கள் ஒப்பியதும் இந்த ஏற்பாடு சட்டமாயிற்று. குடியரசுத் தலைவர் மார்ச் நான்காம் தேதி பதவி ஏற்பார்.' இரண்டாம் தடவையும் படித்தார். பிறகு தாளைக் குப்புற வைத்தார்.

"தேதி தப்பு. பாடப் புத்தகத்துல ஜனவரி இருபது. அந்தத் தப்பும் ரெண்டுலயும் இருக்கு," என்றார் வீரம்மாள். "ராஜாமணி கைதவறி எழுதியிருக்கா. பின்னால உக்காந்த தையல்நாயகி தப்பையும் சேத்து இறக்கிட்டா. அவகிட்ட பாடப் புத்தகமே கிடையாது. வேற எப்படி எழுதுவா?"

"ரெண்டு பேரையும் கூப்பிடறீங்களா? இவ அப்பாவும் இருக்கட்டும்."

பெண்கள் வந்து நின்றார்கள். தையல்நாயகி துரைக்கண்ணுவைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டாள். ராஜாமணி நிமிர்ந்து நின்றாள்.

"ராஜாமணி, அவ உன் பேப்பரைப் பாத்ததை நீ பாத்தியா?"

"ஆமா சார். நான் அமெரிக்கா கேள்வி எழுதிக்கினு இருந்தேன். தோளுக்கு மேல எட்டி எட்டிப் பாத்தா."

"எத்தனாவது கேள்வியா அதை எழுதின?"

"மொதக் கேள்வியா, சார்."

துரைக்கண்ணு தாள்களைத் திருப்பினார். "அம்மா, தேர்வு பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். பேப்பர் வாங்கும்போது மேலட்டையில நேரம் போடறது உங்க பள்ளி வழக்கம். கூடுதல் தாள் கொடுக்கும்போதும் போடறீங்க. ராஜாமணி சீக்கிரம் கொடுத்துட்டுப் போயிருக்கா. அட்டையில பன்னிரண்டு பத்து. தையல்நாயகி அமெரிக்காவைக் கடைசியா எழுதியிருக்கா. அந்த விடை ஆரம்பிக்கறதே கூடுதல் தாள்ல. அதுல என்ன நேரம்?"

வீரம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பன்னிரண்டு இருபது."

"அவ முதல் வரி எழுதறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ராஜாமணியோட பேப்பர் உங்க கட்டுக்குள்ள போயிடுச்சு. இல்லாத பேப்பரை எட்டிப் பாக்க முடியாது."

பாண்டுரங்கன் தொடையில் தட்டினார். "அப்படிப் போடுங்க சார்!"

வீரம்மாள் அசரவில்லை. "அப்போ ரெண்டு பேரும் ஒரே பிட்டைக் கொண்டாந்திருக்காங்க. ரெண்டு பேரையும் அனுப்பறேன்."

"அம்மா," என்றார் பாண்டுரங்கன், "சட்டமும் நீங்க, போலீசும் நீங்க, ஜட்ஜும் நீங்க. அந்தப் பதிமூணு ஊர்க்காரனும் இதுக்குத்தாம்மா பயந்தான்."

"குமாஸ்தா, வாயை மூடுங்க."

"பிட்டு இல்லை," என்றார் துரைக்கண்ணு. "மனப்பாடம். ஆசிரியர் குறிப்பு எழுதித் தந்தா, அதைப் புள்ளி மாறாம ஒப்பிக்கறது நம்ம பிள்ளைங்க வழக்கம். ரெண்டு பேரும் ஒரே குறிப்பைப் படிச்சிருக்காங்க. அதை எழுதினவங்க படிச்சது பழைய புத்தகம். மார்ச் நாலு பொய் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அதுதான் தேதி. அப்புறம் திருத்தம் வந்து ஜனவரிக்கு மாத்தினாங்க. ராஜாமணி, உன்கிட்ட புதுப் பாடப் புத்தகம் இருக்கு. அப்புறம் ஏன் மார்ச்?"

"எனக்குத் தெரியாது சார். அம்சா டீச்சர் நோட்டை நான் தொட்டதுகூட இல்ல."

தையல்நாயகி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அம்சா டீச்சர் நோட்டுன்னு இங்க யாரும் சொல்லலியே," என்றார் துரைக்கண்ணு. "தையல்நாயகி அவ அப்பாகிட்டகூட அந்தப் பேரைச் சொல்லலை."

 ராஜாமணி அழுதுகொண்டே சொன்னாள். "தீபாவளி லீவுல இவ ஊருக்குப் போயிட்டா. ஹாஸ்டல்ல இவ பெட்டியில இருந்து எடுத்துப் படிச்சேன் சார். புத்தகத்த விட டீச்சர் எழுதினது புரிஞ்சது. இவ திரும்பி வந்து தேட ஆரம்பிச்சா. பயத்துல கிணத்துல போட்டுட்டேன்."

"உன்கிட்ட எப்படி வந்தது அந்த நோட்டு?" வீரம்மாள் தையல்நாயகியைக் கேட்டார்.

பதில் துரைக்கண்ணு சொன்னார். "நான் கொடுத்தேன். காரியத்துக்கு வந்திருந்தா. டீச்சர் நோட்டு ஏதாவது இருந்தா வேணும்னு கேட்டா. கட்டோட தூக்கிக் கொடுத்தேன். வீட்டுல அதைப் பாக்கப் பிடிக்கலை. பிரிச்சுக்கூடப் பாக்கலை."

"இதை ஏண்டி நீ சொல்லல?"

"டீச்சர் தப்பா எழுதினாங்கன்னு என் வாயால எப்படிம்மா சொல்றது?" என்றாள் தையல்நாயகி. "சாரு காதுக்கு வேற போவும்."

வீரம்மாள் மேசையைப் பார்த்தார். அங்கே பெயர் நீக்க உத்தரவு, கையெழுத்துக்குக் காத்திருந்தது. "நான் நம்பறேன். ஆனா மேலதிகாரி நம்பணும். பிட்டு அடிச்சதுங்க ரெண்டும் மாட்டிக்கினு ஒரே கதையைச் சொல்லுதுன்னு எழுதிடுவார். நோட்டு தண்ணியில கரைஞ்சு போச்சு. அதுல இந்தத் தேதி இருந்ததுன்னு இவங்களைத் தவிர யார் சாட்சி?"

பச்சைமுத்து துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான்," என்றார் துரைக்கண்ணு.

"பிரிச்சே பாக்கலைன்னீங்க."

"பாக்கலை. அம்சா சொன்னா. கடைசி நாள் காலையில."

"சார்," பாண்டுரங்கன் குரல் தணிந்தது, "டீச்சரம்மா அன்னிக்குச் சொன்னது வேறல்ல?"

"அது நான் சொன்னது, பாண்டுரங்கன். அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, கடைசியா என்ன சொன்னான்னு கேட்டாங்க. என்னத்தையாவது சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் ஊரே அதைக் கேட்டது. மாத்த முடியலை."

அவர் சட்டையில் குத்தியிருந்த குண்டூசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தேன். அவ பையை மாட்டிக்கிட்டு, அந்த நோட்டைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. அலமாரியைத் திறந்து புத்தகத்தைப் பாத்தா ரெண்டு நிமிஷ வேலை. நான் திரும்பலை. கண்ணாடியைப் பாத்துக்கிட்டே 'உம்'னேன். அன்னிக்கு மத்தியானம் இந்தப் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தா. நான் வந்து சேர்ந்தப்போ பேச்சு இல்லை."

வீரம்மாள் பெயர் நீக்க உத்தரவை எடுத்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் 'சாட்சி வாக்குமூலம்' என்று தலைப்பு எழுதினார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க, சார்."

துரைக்கண்ணு சொன்னார்.

"ஏங்க, இந்த நோட்டுல பிரசிடென்ட் மார்ச் நாலு பதவி ஏறுவாருன்னு எழுதிட்டேன், போன வருஷம் பேப்பர்ல ஜனவரின்னு படிச்சாப்ல இருக்குது. பொண்ணுங்க அப்படியே மனப்பாடம் பண்ணிடுவாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."