விரிசல் மேல் மூன்று கண்ணாடிகள்

“பள்ளிக்கூடத்தை நாளைக்கு இடிக்கப் போறாங்க சார். அறுபது பிள்ளைங்களுக்கு வேற கூரை கிடையாது,” என்று தலைமையாசிரியை வந்து நின்றதும் ஓய்வுபெற்ற கட்டட ஓவர்சியர் செருப்பைத் தேடினார். அவருடைய மைத்துனர் அதற்குள் நாலு பேரைக் குற்றவாளியாக்கிவிட்டார். அவர் சந்தேகத்துக்கு அவர் நிழலே தப்பாது.

பள்ளிக்கூடத்துக்கு நூற்று நாற்பது வயது. சுவர் இரண்டரை அடி கனம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடாதென்று சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே. முதல் பாடத்தில் கேட்ட கேள்வி கூரையில் பட்டு இறங்க மூன்றாம் பாடமாகிவிடும், அத்தனை உயரம்.

கிழக்குச் சுவரில் ஒரு விரிசல்: மேலே விரல் நுழையும், கீழே மயிரிழை. சுவர் நகர்ந்தால் உடைந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று, பொறியாளர் அதன் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார். கீழிரண்டும் உடைந்திருந்தன.

“சனிக்கிழமை முழுசாத்தான் இருந்துச்சு. அப்புறம் உள்ள போனது ரெண்டே பேர். கூட்ட வந்த காவலாளி, அளவெடுக்க வந்த இவர்,” என்றார் தலைமையாசிரியை.

‘இவர்’, இடித்துக் கட்டும் வேலையை எடுத்திருந்த காண்டிராக்டர். “சுவர் நகருதும்மா. இன்னைக்கே விழுந்தாலும் விழும்.” பக்கத்தில் கல்வி அதிகாரி, இடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

மைத்துனர் கிசுகிசுத்தார். “அத்தான், காவலாளிதான். ஏணியே அவர்கிட்டதான் இருக்கு.”

“ஏணி வச்சிருக்கிறவர் மேல இருக்கிறதை ஏன் விட்டாரு மாப்பிள்ளை?”

ஓவர்சியர், காவலாளி கொண்டுவந்து சாத்திய அந்த ஏணியில் ஏறி, பேனாக்கத்தியால் விரிசலைச் சுரண்டினார். வெள்ளைச் செதில்கள் உதிர்ந்தன.

“உள்ள ஏடு ஏடா சுண்ணாம்பு. வெள்ளையடிச்சப்பல்லாம் இறங்கியிருக்கு. நம்ம தாத்தாவுக்கு மூத்த விரிசல் இது. சுவர் வாய் திறக்கிறது மேல; அப்ப மேல் கண்ணாடிதானே முதல்ல போகணும்? அது முழுசா இருக்கு. கைக்கு எட்டின ரெண்டுதான் போயிருக்கு.”

“என்னையா சொல்றீங்க?” என்றார் காண்டிராக்டர்.

“இன்னைக்கே விழும்னீங்களே. வெளிய இந்தச் சுவரோரமா, நிழல் பார்த்து நிக்கிற புதுக் கார் யாருது?”

காண்டிராக்டர் சட்டைப்பையில் இருந்த கார் சாவியைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி பேனாவை மூடினார். “வேற கண்ணாடி ஒட்டிப் பார்ப்போம். அதுவரைக்கும் இடிக்கிற பேச்சே வேணாம்.”

தலைமையாசிரியை சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் மறுநாள் தேதியை எழுதத் தொடங்கினார். இன்னும் காவலாளியையே முறைத்துக்கொண்டிருந்த மைத்துனரிடம், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மறைக்குது,” என்றார்.